கடை எண்ணெய்

அந்தக் கிரீச்சென்ற சத்தம் உங்கள் வண்டியா சார்? கடை வாசலில் நிறுத்தினீர்களே, அந்த நீல வண்டி? நான் உள்ளே கல்லாவில் இருந்தேன். காதுக்குள் கம்பியை விட்டுத் திருகின மாதிரி இருந்தது. முன் சக்கரம். இடது பக்கம். பார்க்காமலே சொல்வேன்.

தோசைக்கல்லா? இருக்கிறது, உட்காருங்கள். வீட்டில் எத்தனை பேர்? நாலு பேர் என்றால் பன்னிரண்டு அங்குலம் எடுங்கள். விலை சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறது. குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். எழுதின விலைக்கு நான் எவன் கடையிலும் ஒரு சாமான் வாங்கினது கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், அந்த வேலை என்னிடம் நடக்காது.

இதை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல வார்ப்பு. தட்டிப் பாருங்கள், கோயில் மணி மாதிரி கேட்கும். ஓரத்தில் மட்டும் லேசாகச் செம்பொடி தட்டியிருக்கிறது. தென்காசிக் காற்று அப்படி. ராத்திரி நாலு தூறல் விழுந்தால் போதும், காலையில் இரும்பு மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துடைத்து எண்ணெய் போட்டுத்தான் தருவேன். பத்து நிமிஷம் ஆகும். அவசரம் இல்லையே?

பிரேக் என்றாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது சார். மூன்று மாதமாகக் கொதிக்கிறது. இன்றைக்கு ரொம்பக் கொதிக்கிறது, ஏனென்றால் நாளைக்குக் காலையில் என் மகள் பொன்செல்வி, பெற்ற மகள், ஒரே மகள், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் இருந்து வாடகைக் காரில் ஏறிப் புருஷன் வீட்டுக்குப் போகப்போகிறாளாம். என் கார் பக்கத்திலேயே நிற்கும். நான் கை காட்டி அனுப்ப வேண்டுமாம். தெருவே பார்க்கும். "தவசிமுத்து காரில் மகளே ஏறமாட்டேங்கா" என்று பார்க்கிறவன் சொல்வான். சொல்வானா மாட்டானா?

நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், தப்பு யார் மேலே என்று.

என் பெயர்தான் தவசிமுத்து. வெளியே போர்டில் இருக்கிறது. பதினொரு வயதில் தலையில் கூடை, கூடையில் கரண்டி, வடைச் சட்டி, அரிவாள்மணை. செங்கோட்டை வரைக்கும் நடை. பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்து வகுப்பு, மற்றதெல்லாம் தெருவில் அடிபட்டுப் படித்தது. எவன் எங்கே ஏமாற்றுவான் என்று அவன் வாயைத் திறக்கும் முன்னே எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷமாக வார்ப்பிரும்பு விற்கிறேன். இந்தத் தாலுகாவில் பாதி வீட்டுத் தோசை என் கல்லில் சுட்டதுதான்.

அந்தக் காருக்கு இருபது வயது. என்னிடம் வந்து பதினாறு. செல்வி ஆறாம் வகுப்பு படிக்கும்போது வாங்கினேன். விற்றவன் சொன்ன விலையில் கால் வாசியைக் குறைத்து, அதற்கு மேலே ஒரு ஸ்டெப்னி டயரும் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கையில் வாங்கினேன். செல்வி பள்ளிக்கூடம் போனது, கல்லூரி போனது, பொண்ணு பார்க்க வந்தவர்களை ஸ்டேஷனில் போய்க் கூட்டிவந்தது, மறுவீடு போனது, எல்லாம் அதில்தான். என் மருமகன் சிவபெருமாள் புதுக்கார் வாங்கினபோதுகூட, "எப்பா வண்டியிலதான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொன்னவள் அவள். அதே வாய்தான்.

போன ஆடியில் ஆரம்பித்தது. செல்விக்கு எட்டு மாதம். வளைகாப்பு முடிந்து ராஜபாளையத்தில் இருந்து கூட்டிவந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து வண்டி பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் உதறுகிறது. காய்ச்சல்காரன் கை மாதிரி. அதோடு ஒரு சத்தம், உங்கள் வண்டிக்கு இப்போது வருகிறதே, அதே சத்தம்.

மைதீன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். பதினாறு வருஷமாக வண்டிக்கு அவன்தான் வைத்தியம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் தேஞ்சு போச்சு. இந்தா, விரல வச்சுப் பாருங்க. ஓரத்துல வரப்பு மாதிரி நிக்கிதா? பேடும் தீந்துட்டு. ரெண்டு பக்கமும் மாத்தணும். பிரேக் ஆயிலும் கருத்துட்டு, அதையும் மாத்திருவோம்."

டிஸ்க் என்றால் தெரியும்தானே சார்? சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற வட்ட இரும்பு. காலை வைத்தால் இரண்டு பக்கமும் பேடு வந்து கவ்வும், வண்டி நிற்கும். பார்க்க அப்படியே நம்ம தோசைக்கல்தான், நடுவில் மட்டும் குமிழ் மாதிரி எழும்பி இருக்கும். அதுவும் வார்ப்பிரும்புதான்! என்னிடமே வார்ப்பிரும்புக்கு விலை சொல்கிறான் சார், அவன்!

"ஒண்ணு என்ன எடை வே?" என்று கேட்டேன்.

"எடையா?"

"எடைதான். நாலு கிலோ இருக்குமா?"

"அண்ணாச்சி, இது கிலோக் கணக்குல வாங்குத சாமான் இல்ல."

"எல்லா இரும்பும் கிலோக் கணக்குதான். சரி, கூலியப் பாதியாக்கும்."

"முடியாது அண்ணாச்சி."

"அப்போ சத்தம் வாற ஒரு பக்கத்த மட்டும் மாத்தும்."

"ஒத்தக் கால்ல செருப்பப் போட்டுக்கிட்டு நடப்பியளா?"

பட்டறையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து ஒன்று சொன்னான் பாருங்கள். கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ஏதோ பெரிய மகான் மாதிரி:

"அண்ணாச்சி, எதுல வேணாலும் பேரம் பேசுங்க. பிரேக்குல பேசாதிய."

எனக்கு எப்படி இருக்கும்? பேரம் பேசாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் செங்கோட்டை ரோட்டில் கூடையோடுதான் நடந்துகொண்டிருப்பேன். இந்தக் கடை பேரம். இந்த வீடு பேரம். செல்வி கல்யாண மண்டபம் பேரம். சமையல்காரன் கடைசியில் அழுதுவிட்டான். இவன் எனக்குப் பேரம் பேசக்கூடாத இடம் எது என்று சொல்லித் தருகிறான்!

"நாலு போல்ட்டு, ரெண்டு ஸ்க்ரூ. இதுக்கு எனக்கு நீரு வேணுமாக்கும்? நானே மாத்துதேன், பாரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் துணியைக் கொஞ்சம் எடுங்கள் சார், உங்கள் காலடியில் கிடக்கிறது. ம்.

மறுநாளே திருநெல்வேலி போனேன். நாலு ஸ்பேர் கடை ஏறி இறங்கினேன். ஒரு சூட்சுமம் சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். முதல் விலையைச் சொன்னதும் பதில் பேசக்கூடாது. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட வேண்டும். சரக்கு தேங்கிக் கிடக்கிறவன் மூன்றாவது படியில் கூப்பிடுவான். நாலாவது கடைக்காரன் இரண்டாவது படியிலேயே கூப்பிட்டான். டிஸ்க் இரண்டு, பேடு ஒரு செட். மைதீன் சொன்ன விலையில் பாதி. டிஸ்க்கைப் பேப்பரில் சுற்றித் தந்தான். "இதுக்குப் பிளாஸ்டிக் கவர் இருக்குமே, எங்கப்பா?" என்று கேட்டதற்கு, "நீங்க கேட்ட விலைக்குக் கவரோட வராது" என்றான். திமிர் பார்த்தீர்களா? அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், இவன் சரக்கு சரியில்லை என்று.

அன்றைக்குப் புதன்கிழமை. கடையை விட்டுவிட்டு வேலை பார்க்க ஞாயிறுதான் தோது. நடுவில் மூன்று நாள். சாரல் அடிக்கிற அடியில் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. கவர் இல்லாத புது வார்ப்பிரும்பை அப்படியே வைத்தால் என்ன ஆகும்? துருத்தான் பிடிக்கும். வேறு எவனாக இருந்தாலும் அப்படியே மூலையில் போட்டிருப்பான். நான் இரும்பு தெரிந்தவன். இரண்டு டிஸ்க்கையும் மடியில் வைத்து, விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, இரண்டு பக்கமும் ஓரம் நடு எல்லாம், இந்தா இப்படித்தான், இந்தக் கல்லுக்குப் போடுகிற மாதிரியே, வட்டம் வட்டமாகத் தேய்த்து வைத்தேன். மினுமினு என்று இருந்தது. அந்த மூன்று நாளும் தினம் ஒரு கை போட்டேன்.

என் வீட்டுக்காரி ராஜகனி வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, காருக்குமா எண்ணெய்?" என்றாள்.

"இரும்பு எங்க இருந்தாலும் இரும்புதான். நீ போயி உலையப் பாரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது சார். பின் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் செங்கல். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டை இளக்கிவிட்டு அப்புறம்தான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் கட்டைவேறு. வீடியோவில் ஒரு கோயம்புத்தூர்க்காரப் பையன் சொல்கிறான், அவன் சொல்கிறபடியே செய்தேன். என் கையெல்லாம் கிரீஸ், அதனால் செல்வி வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வயிற்றின் மேல் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல ஓட்டுகிறாள், நிறுத்துகிறாள். நெல்லிக்காய் கடித்துக்கொண்டே எனக்கு மேஸ்திரி வேலை.

"எப்பா, அந்தக் கவ்வுத பெட்டியக் கழத்தித் தொங்கவிடக் கூடாதாம். டியூப் அத்துருமாம். கம்பி போட்டுக் கட்டணுமாம்."

கட்டினேன். பழைய டிஸ்க் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, அரை மணி நேரம் கெஞ்சி, அப்புறம் நாலு கெட்ட வார்த்தை சொன்னதும் கழன்று வந்தது. செல்வி சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. "எப்பா, உள்ள இருக்குத பிள்ளைக்குக் காது கேக்கும்" என்றாள். "கேக்கட்டும், உலகம் தெரியட்டும்" என்றேன். அப்படி ஒரு நாள் சார் அது. அந்த ஒரு நாள்.

புது டிஸ்க்கை எடுத்தேன். அப்போது சொன்னாள்:

"எப்பா, மாட்டுறதுக்கு முன்னாடி டிஸ்க்க நல்லாக் கழுவணும்ங்கான்."

"எதுக்காம்?"

"துருப் பிடிக்காம இருக்கக் கம்பெனிக்காரன் எண்ணெய் பூசிருப்பானாம். அது போகலன்னா பிரேக் பிடிக்காதாம்."

"அது அவன் பூசுத எண்ணெய், ஏதாவது கண்ட மருந்தா இருக்கும். இது நான் பூசுனது. சுத்தமான விளக்கெண்ணெய். பச்சப் பிள்ளைக்கே குடுக்கலாம்."

"இல்லப்பா, எந்த எண்ணெயா இருந்தாலும்னு..."

"ஏட்டி, இரும்பப் பத்தி எனக்கே சொல்லித் தாறியா? அடுத்ததப் போடு."

அடுத்ததைப் போட்டாள். அவளுக்கு என்ன தெரியும் சார், பாவம். பி.காம் படித்த பிள்ளை.

பேடு புதுசு என்பதால் தடிமனாக இருக்கும், அந்தப் பெட்டி அதன் மேல் உட்காராது. உள்ளே இருக்கிற உருளையை உள்ளுக்குத் தள்ள வேண்டும். ஆயில் டப்பா மூடியைத் திறந்துவிட்டு, என் கடை சி-கிளாம்பைப் போட்டு மெதுவாகத் திருகித் திருகித் தள்ளினேன். மைதீன்கூட இவ்வளவு பதமாகச் செய்யமாட்டான். அந்தப் பெட்டி நகர்கிற ஊசிக்கெல்லாம் கிரீஸ். மதியம் இரண்டு மணிக்கு இரண்டு பக்கமும் முடிந்தது. பிரேக் ஆயில் மட்டும் மாற்றவில்லை, நன்றாகத்தான் இருந்தது. காலை வைத்துப் பத்துத் தடவை மிதித்தேன், மிதி கெட்டிப்பட்டது. தெருவில் ஒரு சுற்றுப் போனேன். உதறல் இல்லை. சத்தம் இல்லை. நிறுத்தும்போது மட்டும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போய் நின்ற மாதிரி இருந்தது.

இருக்கத்தானே செய்யும்? புதுக் கல், புதுப் பேடு. பழக வேண்டாமா? முதல் தோசை யாருக்கு ஒழுங்காக வந்திருக்கிறது?

மைதீனுக்குப் போன் போட்டேன். "முடிஞ்சிட்டு வே. நாலு போல்ட்டு, ரெண்டு ஸ்க்ரூ" என்றேன். "சந்தோசம் அண்ணாச்சி" என்றான். வயிற்றெரிச்சல், வேறென்ன?

மறுநாள் திங்கள்கிழமை. செல்விக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய நாள். பின் சீட்டில் அவளும் ராஜகனியும். ஆஸ்பத்திரி ரோடு ஒரு சரிவு, நீங்கள் வந்திருந்தால் தெரியும். லேசான தூறல். சரிவின் அடியில் ஒரு மினி பஸ் ஆள் இறக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு பொம்பளை பின் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். நான் பிரேக்கை மிதித்தேன்.

மிதி கீழே போகவில்லை சார். கல் மாதிரி நிற்கிறது. என் கால்தான் நோகிறது. வண்டி பாட்டுக்கு இறங்குகிறது. எவனோ தள்ளிவிடுகிற மாதிரி இறங்குகிறது. "எப்பா" என்று ஒரு சத்தம் பின்னால் இருந்து. ஒரே ஒரு சத்தம். கைப்பிரேக்கை இழுத்தேன், ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். அங்கே ஒரு வீட்டு வேலைக்கு எம்-சாண்ட் கொட்டி வைத்திருந்தார்கள். அதில் போய்ப் பாய்ந்து நின்றது. பானெட் வரைக்கும் மணல்.

எவ்வளவு சாமர்த்தியம் பார்த்தீர்களா? வேறு எவனாக இருந்தாலும் மினி பஸ்ஸில் கொண்டுபோய் விட்டிருப்பான். ஒருத்தருக்கும் கீறல் இல்லை. அதை இன்று வரைக்கும் யாராவது சொன்னார்களா?

கண்ணாடியில் பார்த்தேன். செல்வி இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். கண் என் மேல் இல்லை. எதன் மேலும் இல்லை. ராஜகனி முருகா முருகா என்கிறாள். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! கதவைத் திறந்து இறங்கி, அந்த இடத்திலேயே, திருநெல்வேலிக் கடைக்காரனுக்குப் போன் போட்டேன். "டூப்ளிகேட் பேட வித்துட்டு நீ அங்க குளு குளுன்னு உக்காந்திருக்கியா? மாசமா இருக்குத பிள்ள வண்டியில இருக்குல!" என்று தெருக்கூட்டம் கூடுகிற அளவுக்குக் கிழித்தேன். கால் மணி நேரம் விடவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வண்டியில் ஆள் இல்லை. தாயும் மகளும் தெரு முனையில் நடந்துபோகிறார்கள். அந்த வயிற்றோடு, அந்தத் தூறலில். ஆஸ்பத்திரி இரண்டு பர்லாங்கு. "வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டாளா? நான் யாருக்காகக் கத்தினேன்? அவளுக்காகத்தானே? சொல்லுங்கள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பயமில்லை என்றார்கள். ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது, மூன்றே கால் கிலோ. முழி அப்படியே என் முழி. அதெல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஏன் சார் என் கையையே பார்க்கிறீர்கள்? இன்னும் அடிப்பக்கம் போடவில்லை. பொறுங்கள்.

மைதீன் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு மணலில் இருந்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனது அவன்தான். நான் கூப்பிடவில்லை. ராஜகனி கூப்பிட்டிருக்கிறாள். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கில் ஒரு விரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல என்ன தடவுனிய?"

"விளக்கெண்ணெய். துருவுக்கு."

சிரித்திருந்தால்கூட ஒரு அறை விட்டிருப்பேன். சிரிக்கவில்லை.  இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, சோப்புத் தண்ணியில் போட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம் பெட்ரோலில் ஒரு கழுவு. பேடை மட்டும் தூரப் போட்டுவிட்டு வேறு பேடு மாட்டினான். கறுத்த பிரேக் ஆயிலையும் மாற்றினான். ஓட்டிப் பார்த்தால் கால் வைத்த இடத்தில் வண்டி நிற்கிறது.

இப்போது நீங்களே யோசியுங்கள். அதே டிஸ்க். நான் பேரம் பேசி வாங்கின அதே டிஸ்க். அதில் ஒரு குறையும் இல்லை. மாற்றினது என்ன? பேடு. அப்போ கோளாறு எதில்? பேடில்! பேடு விற்றது யார்? திருநெல்வேலிக்காரன்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். என் வீட்டில் ஒருத்தருக்கும் புரியவில்லை.

கூலி எவ்வளவு வே என்று கேட்டேன். சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, பேச்சைத் தொடங்கத் தயாராக நிற்கிறேன். "பேடுக்கும் ஆயிலுக்கும் மட்டும் குடுங்க. கூலி வேண்டாம். பாப்பாவ இனி ஏத்திக்கிட்டுப் போங்க" என்றான். என்ன திண்ணக்கம் பாருங்கள். ஒருத்தன் கூலி கேட்டால் குறைக்கலாம். வேண்டாம் என்கிறவனிடம் என்ன பேசுவது? முப்பத்தைந்து வருஷத்தில் என்னை இப்படி ஒருத்தன் வாயை அடைத்ததில்லை. அன்றையில் இருந்து அவன் பட்டறை வாசலை நான் மிதிக்கவில்லை.

பாப்பா என்றால் செல்விதான். ஏறினாளா? ஏறவில்லை. பிரசவத்துக்கு வலி எடுத்தபோது ஆட்டோவில் போனாள். ஆட்டோ! வாசலில் நான் சாவியோடு நிற்கிறேன், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகிறாள். பிள்ளையோடு வீட்டுக்கு வந்ததும் மருமகன் வண்டியில். தடுப்பூசிக்கும் ஆட்டோ. பேசமாட்டாள் என்றில்லை. "எப்பா, சாப்பிட்டியளா", "எப்பா, மாத்திரை போட்டியளா", எல்லாம் உண்டு. பிள்ளையை என் மடியில்தான் போடுவாள். அந்தக் காரில் மட்டும் ஏறமாட்டாள்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது, நாளைக்கு அனுப்புகிறோம். தாத்தா பேத்தியைக் கொண்டுபோய் ராஜபாளையத்தில் விடுவதுதான் முறை. தொட்டில், வெள்ளிக் கொலுசு, சீர்ச் சாமான் எல்லாம் கட்டிவைத்தாயிற்று. நேற்று ராத்திரி கேட்டேன். "பத்தரைக்கு மேல நேரம் நல்லாருக்கு. வண்டியத் துடைச்சு வைக்கட்டுமா?"

"வாடகைக் கார் சொல்லியாச்சுப்பா."

"எனக்கென்ன கையில்லையா காலில்லையா?"

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "எப்பா, நான் கழுவணும்னு சொன்னேன்லா?"

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்? அந்தப் பேடு..."

"நீங்க எதையும் வாங்கித் தர வேண்டாம். எவன் கூடயும் சண்ட போட வேண்டாம். 'தப்பு என் மேலதான்'னு ஒரு வார்த்த சொல்லுங்க. நானும் இவளும் ஏறுதோம். கண்ண மூடிக்கிட்டு ஏறுதோம்."

"சொல்லலன்னா?"

"அடுத்த தடவயும் நான் சொல்லுதது உங்க காதுல ஏறாதுன்னு அர்த்தம். அப்புறம் எத நம்பி இவளத் தூக்கிக்கிட்டு ஏற?"

எழுந்து வந்துவிட்டேன். செய்யாத தப்பை ஏன் சார் ஒத்துக்கொள்ள வேண்டும்? பதினொரு வயதில் செங்கோட்டையில் ஒரு வீட்டுக்காரி கரண்டியைக் காணோம் என்று என்னை அடித்தாள். அப்போதே எடுத்தேன் என்று சொல்லவில்லை. இப்போது சொல்வேனா? என் மகளாக இருந்தால் என்ன? இன்றைக்குக் காலையில் பேரம் பேசிப் பார்த்தேன். "ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புவோம், இருபதுக்கு மேல ஓட்டமாட்டேன்" என்றேன். "பின்னாடி வாடகைக் காரும் காலியா வரட்டும்" என்றேன். அசையவில்லை. எழுதின விலையிலேயே நிற்கிறாள். யாரிடம் படித்தாளோ.

சரி, உங்கள் கல் ஆயிற்று. பாருங்கள், முகம் தெரிகிறது. பேப்பரில் சுற்றித் தருகிறேன்.

ஒன்று கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கல் வாங்குகிற எல்லாரிடமும் சொல்கிறதுதான். கேட்காமல் போனவர்கள் மறுநாள் வந்து என்னிடமே சண்டை பிடிப்பார்கள், கல் சரியில்லை என்று. வீட்டுக்குப் போனதும் நேரே அடுப்பில் வைத்துவிடாதீர்கள். இது கடை எண்ணெய். அலமாரியில் இருக்கிற வரைக்கும் துருப் பிடிக்காமல் இருக்கப் போடுகிறது. வேலைக்கு ஆகாது. முதலில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்து, எண்ணெய் ஒரு பொட்டு இல்லாமல் போகிற வரைக்கும் கழுவிவிட வேண்டும். கழுவாமல் மாவை ஊற்றினால் பிடிக்காது. கல் எவ்வளவு நல்ல கல்லாக இருந்தாலும் சரி, மாவு எவ்வளவு நல்ல மாவாக இருந்தாலும் சரி, பிடிக்கவே பிடிக்காது. வழுக்கிக்கொண்டு கரண்டியோடவே...

கரண்டியோடவே சுற்றி வரும்.

...

என்ன சார் பார்க்கிறீர்கள்? சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், இதை. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்தால்கூட... சே! அந்தத் துணியைத் தூரப் போடுங்கள் சார், கையெல்லாம் எண்ணெய். கருமம் பிடித்த எண்ணெய்!

ஒரு நிமிஷம் இருங்கள். போனை எடுக்க வேண்டும். என் கை பிசுபிசு என்று இருக்கிறது, நீங்களே அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்குங்கள். 'பாப்பா' என்று இருக்கும். ம். காதுகிட்டே வையுங்கள்.

"ஏட்டி... நாந்தான். பிள்ள முழிச்சிருக்காளா?... இல்ல, சாப்பிட்டாச்சு. அது இல்ல... அந்த வாடகக்காரன் எத்தன மணிக்கு வாறான்?... ம். இல்ல, சும்மாதான் கேக்கேன். ஏட்டி, வச்சிராத. கேளு. அந்த டிஸ்க்கு இருக்குல்லா. அத... அத நான் கழுவலம்மா. நீ சொன்ன. நான் கழுவல... ஆமா. பேடு இல்ல. அவன் இல்ல. நாந்தான்... என்ன சத்தம் அங்க? அழுதியா?... பிள்ளயா? பிள்ளதான அழுது?... சரி. சரி. வை."

வைத்துவிட்டாள் சார். என்ன சொன்னாளா? "இதச் சொல்ல மூணு மாசமாப்பா?" என்கிறாள். திமிர். அசல் திமிர். அந்த வாடகைக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லப் போகிறாளாம். நிறுத்தினதற்கு அவன் ஏதாவது கேட்டால் நான்தான் கொடுக்க வேண்டுமாம். பார்த்துக்கொள்கிறேன், அவன் கேட்கட்டும், அப்புறம் இருக்கிறது அவனுக்கு.

எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நான் கடையைச் சாத்த வேண்டும், வண்டியைத் துடைக்க வேண்டும். மூன்று மாத வேப்பிலை அதன் மேல் கிடக்கிறது. எவ்வளவு கொடுக்கிறீர்கள்? சீட்டில் உள்ளதுதான், சொன்னேன் இல்லையா? சில்லறை இல்லையென்றால் பரவாயில்லை, ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்.

சார்! கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சத்தத்தோடு ஊருக்குப் போகாதீர்கள். நேரே ரயில்வே கேட்டைத் தாண்டுங்கள், வலது பக்கம், மைதீன் பட்டறை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் வேண்டாம். தவசிமுத்து அனுப்பினேன் என்று சொல்லாதீர்கள்.

இல்லை. சொல்லுங்கள்.

அப்புறம் அவன் என்ன விலை சொல்கிறானோ அதைக் கொடுத்துவிடுங்கள். எதில் வேண்டுமானாலும் பேரம் பேசலாம் சார், பிரேக்கில் பேசக்கூடாது. நான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுபவத்தில் நான் கண்டுபிடித்தது.